நாற்பத்தொரு நிமிடம் பஸ்ஸைக் கைப்பற்றிய காதை

வாழி நிலோஜன்! வாழி அவன் இரு செவிகள்! ஆரையம்பதி தந்த அருஞ்சுடர், வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்து விலங்கியல் ஆய்வுகூடத்தில் தவளைகளுக்கும் தராசுகளுக்கும் தனிக்காவலன், முப்பத்திரண்டு வயதிலும் மணமுடிக்காமல் மனம் முழுவதையும் ஒரு சத்தத்துக்கு எழுதிக்கொடுத்த தியாகி, பாண் வாங்கப் போனால்கூடக் காதிலிருந்து கறுப்புக் குமிழைக் கழற்றாத கடுந்தவத்தோன், அப்பெரும் பெயரோனை முதற்கண் வணங்கித் தொடங்குகிறோம். வாவியே, சற்று அலையடங்கு. கரைக்காற்றே, கல்லடிப் பாலத்தில் நின்று கேள். ஏழு மணிப் பஸ்ஸில் இடம்பிடிக்க ஓடும் மாந்தரே, நீங்கள் ஓடியபடியே கேளுங்கள். உங்களை நிறுத்திவைத்துச் சொல்ல எமக்கும் நேரமில்லை.

அவ்வீரன் நெஞ்சைப் பறித்தது ஃப்ரீ ஜாஸ் என்னும் கட்டறுத்த இசை. தாளம் இன்னதென்று முன்கூட்டிப் பேசாமல், மெட்டு இன்னதென்று எழுதிவைக்காமல், மூன்று பேரோ முப்பது பேரோ ஓர் அறைக்குள் புகுந்து, கதவைச் சாத்தி, வந்தது வரட்டும் என்று தொடங்கிவிடும் இசை அது. அதிலே குழலூதுவோன் குழலின் ஆணி கழன்றுவிழும்வரை அலறவிடுவான். பேஸ் வாசிப்போன் வில்லைத் தலைகீழாய்ப் பிடித்து நரம்பில் அடிப்பான். யப்பான் தேசத்தில் ஒருவர் கிற்றாரைத் தேக்கரண்டியால் சுரண்டியே அரைமணி நேரம் அவையை ஆண்டிருக்கிறார். முதன்முதலில் இது காதில் விழுந்தபோது, போன் பழுதாகிவிட்டது என்று நினைத்து நிலோஜன் அதை மூன்று தரம் மேசையில் தட்டினான். நான்காம் தரம் தட்டக் கையெடுத்தவன் அப்படியே இருந்துவிட்டான். ஊதுகிறவனுக்கே அடுத்த சத்தம் எதுவென்று தெரியாது. ஆனால் அது கீழே விழுமுன் பக்கத்தில் இருப்பவன் கைநீட்டிப் பிடித்துவிடுகிறான். முன்பின் சொல்லிவைக்காமல் மனிதர் ஒருவரையொருவர் இப்படித் தாங்கிக்கொள்ள முடியுமா என்று அதையே மறுபடி முதலிலிருந்து போட்டுக் கேட்டான். அன்றைக்குப் போனவன்தான், பிறகு திரும்பி வரவேயில்லை.

நல்லதொன்றைத் தனியே உண்டு ஏப்பம் விடும் குணம் அவன் குலத்திலேயே கிடையாது. ஆகவே ஆறு ஆண்டுகளாக, வெள்ளிதோறும் மாலையில், "வாரம் ஒரு தட்டு" என்ற வாட்சப் குழுவில், உற்றாரும் உடன்படித்தோருமாகிய நாற்பத்தேழு பேர் முன்னிலையில், உலகின் மூலைமுடுக்கெல்லாம் துழாவி எடுத்த இசைத்தட்டு ஒன்றைத் தக்க குறிப்புரையுடன் பரிந்துரைத்து வந்தான். "முதல் பத்து நிமிடம் பொறுக்கவும், பதினோராவதில் கதவு திறக்கும்" என்பான். "மழைநாளுக்கு உகந்தது" என்பான். "சாப்பிட்ட கையோடு வேண்டாம்" என்று எச்சரிப்பான். ஐம்பத்திரண்டு நிமிடத் தட்டொன்றை அவன் ஏற்றி நான்கு விநாடி ஆகுமுன் சின்னம்மாவின் மகனிடமிருந்து "அருமை" என்று பதில் பாயும். மூத்த அக்கா கைகூப்பிய படம் அனுப்புவாள். கட்டாரில் இருக்கும் மைத்துனர் மட்டும் உண்மை பேசும் உத்தமர்: "ஃபைல் பழுது போல கிடக்கு, திருப்பி அனுப்பு மச்சான்." இப்படியாக இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுத் தட்டுகள். அவற்றுள் ஒன்றைக்கூட ஒருவரும் முடிவுவரை கேட்டதில்லை என்பதை அவன் அறிவான். சிரித்துக்கொண்டுதான் திரிந்தான், ஆனால் உள்ளே வலித்தது.

வலி முற்றி வஞ்சினம் ஆயிற்று. "ஓர் உயிர்! இவ்வாவியின் எழுவான்கரையிலோ படுவான்கரையிலோ ஒரேயொரு மானிட உயிர், ஒரேயொரு தட்டை, முதற்சத்தம் தொட்டுக் கடைச்சத்தம் ஈறாகக் கேட்டு முடிக்கும்வரை, இனியொரு தட்டும் பரிந்துரையேன்!" என்று ஆய்வுகூடத்துத் தவளைகள் சாட்சியாகச் சூளுரைத்தான். அவ்வெள்ளி மாலை குழு மௌனமாயிற்று. அடுத்த வெள்ளியும் மௌனமாயிற்று. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இனிப் போர்க்களம் உரைப்போம். களுவாஞ்சிக்குடியில் புறப்பட்டு ஆரையம்பதி, காத்தான்குடி, மட்டக்களப்பு நகர் கடந்து வாழைச்சேனைக்குச் செல்லும் தனியார் பஸ் ஒன்று உண்டு. கதவு கட்டுக்கம்பியிலும் கண்ணாடி ஒட்டுத்தாளிலும் நிலைபெற்ற அந்த ஆறுசக்கரப் பெருந்தேரை இருபத்தெட்டு ஆண்டுகளாகச் செலுத்துபவர் குஞ்சித்தம்பி; எஞ்சினுக்குள் எந்த ஆணி இருமினாலும் இந்த ஆணிதான் என்று பெயர் சொல்லி அழைக்க வல்லவர். தேரின் பின்புறத்தை ஆள்பவன் காத்தான்குடி தந்த கொண்டக்டர் றிஸான்; மிச்சக்காசைக் கேட்குமுன் கொடுக்கும் அபூர்வப் பிறவி. அவன் அறங்கள் எல்லாவற்றையும் மறைக்கும் குறையொன்று உண்டு. அது அவனுடைய சிவப்புப் பென் டிரைவ். அதிலே அறுபத்துநான்கு பாட்டுகள், அதே அறுபத்துநான்கு, அதே வரிசையில், ஆண்டு மூன்றாக அப்பஸ்ஸில் முழங்கிக்கொண்டிருந்தன. பத்தொன்பதாவது பாட்டு எப்போதும் கல்லடிப் பாலத்தில்தான் வரும்.

அப்பென்னைக் கழற்ற மாற்றார் எவர்க்கும் உரிமையில்லை, பிறந்தநாள்காரர் நீங்கலாக. நாளாந்தம் ஏறும் பழைய முகங்கள் யாராயினும், தம் பிறந்தநாளன்று டொபிப் பெட்டியுடன் ஏறி அனைவர்க்கும் வழங்கினால், அவர் இறங்கும்வரை பாட்டு அவர் விருப்பம் என்பது அப்பஸ்ஸின் மாறாச் சட்டம். ஆனால் விதியின் கொடுமை பாரீர்! நம் வீரன் பிறந்தது தைப்பொங்கலன்று. பொங்கலன்று வளாகமும் இல்லை, பஸ்ஸும் இல்லை. ஆறு ஆண்டுகளாக அவன் ஒரு டொபிகூடக் கொடுத்ததில்லை.

இந்த இருளில் விளக்கேற்றியவள் மேனுகா. வளாக நூலகத்து எழுதுவினைஞர், அதே பஸ்ஸில் வலப்பக்க யன்னலோரத்து அரசி. நூலக அட்டை புதுப்பிக்க அவன் நீட்டிய அடையாள அட்டையைப் பார்த்துப் புருவமுயர்த்தினாள். "நிலோஜன் அண்ணா, இதில ஜூன் பன்னிரண்டு எண்டெல்லா கிடக்கு. உங்களுக்கென்ன, ரெண்டு பிறந்தநாளா?"

இரண்டுதான். அவன் பிறந்த ஆண்டு யுத்தத்தால் ஊரே கலைந்து கிடந்தது. பதிவு ஐந்து மாதம் பிந்திற்று. பதிந்தவர் அன்றைய திகதியையே பிறந்த திகதியாக எழுதிவிட்டார். எழுதியவர் கை வாழ்க! அவன் இருக்கையை விட்டெழுந்து நூலகத்தில் இருக்கக்கூடாத அளவு சத்தமாகச் சிரித்தான்.

ஜூன் பன்னிரண்டும் வந்தது. கழுவி மடித்த நீலச் சேட்டணிந்து, இடக்கையில் டொபிப் பெட்டி தாங்கி, வலக்கையில் கறுப்புப் பென் ஏந்தி, ஆரையம்பதிச் சந்தியில் பஸ்ஸேறினான் நிலோஜன். அக்கறுப்புப் பென்னில் இருந்தது ஒரே தட்டு: நோர்வேயின் கரையோர ஊரொன்றில், மீனுக்கு ஐஸ் அடுக்கிய பழைய கிடங்குக்குள், ஒரு சக்சபோனும் ஒரு பேஸும் ஒரு டிரம்முமாக மூன்று பேர் ஒரே மூச்சில் இசைத்து முடித்தது. நாற்பத்தொரு நிமிடம், இடைவெளி கிடையாது. ஆயிரம் தட்டுகளுள் அதைத் தெரிந்தெடுக்க அவனுக்கு மூன்று இரவுகள் பிடித்தன. மீனும் ஐஸும் நம்மாட்களுக்குப் பழக்கம்தானே என்று எண்ணினான்.

"சேர், உங்களுக்குப் பொங்கலண்டுதானே பிறந்தநாள்?" என்று வழிமறித்தான் றிஸான்.

"அது பெத்த நாள். இது பதிஞ்ச நாள். அரசாங்கம் எதை நம்புது, சொல்லுங்க பாப்பம்," என்று அட்டையை உயர்த்திப் பிடித்தான் நிலோஜன். றிஸான் அதை முன்னும் பின்னும் பார்த்தான், வெளிச்சத்துக்குப் பிடித்தும் பார்த்தான். முன்னாலிருந்து குஞ்சித்தம்பியின் தீர்ப்பு வந்தது: "அட்டையில கிடந்தாச் சரிதான். குடுத்திரு, றிஸான்."

சிவப்புப் பென் கழன்றது. கறுப்புப் பென் ஏறியது. காத்தான்குடித் தெருநடுவில் அணிவகுத்து நின்ற பேரீச்ச மரங்கள் இருமருங்கும் பார்த்திருக்க, கட்டறுத்த இசை கன்னிப் பிரவேசம் செய்தது. செய்தது என்று நாம்தான் சொல்கிறோம். முதல் இரண்டு நிமிடத்துக்கு வெறும் மூச்சுக்காற்றுத்தான் வந்தது. றிஸான் ஸ்பீக்கரில் இரண்டு தட்டுத் தட்டினான். பிறகு சக்சபோன் வாய் திறந்தது.

அம்மவோ, அவ்வோசையை எங்ஙனம் உரைப்போம்! டொபி வாயிலிருந்தோர் மெல்ல மறந்தனர். உறங்கியோர் எழுந்தனர். நின்றோர் கம்பியை இறுகப் பற்றினர். மடியில் பனையோலை உமல்பை வைத்திருந்த கண்ணகை மாமி, கடைத்தெருவுக்கு மீன்கருவாடு கொண்டுபோகிறவர், ஆசனத்துக்கு அடியில் குனிந்து நெடுநேரம் தேடிவிட்டுப் பொதுவில் முழங்கினார்: "ஆருகா கோழி கொண்டந்த? காலைக் கட்டினாக் காணாது, கழுத்தையும் பாருங்க. சாகப் போகுது!" நிலோஜன் சாரதிக்கு நேர்பின்னே அமர்ந்திருந்தான். ஒருவரும் காதை மூடாதது அவனுக்குப் போதுமாக இருந்தது.

பத்தொன்பதாவது பாட்டுக்குரிய கல்லடிப் பாலத்தில், அன்று சக்சபோன் உச்சத்தில் ஏறி நின்று கீச்சிட்டது. கீச்சென்றால் சாதாரணக் கீச்சல்ல, வாவியில் நின்ற கொக்கே திரும்பிப் பார்த்த கீச்சு. குஞ்சித்தம்பியின் முகம் மாறிற்று. பாலத்தைக் கடந்ததும் ஓரம் கட்டினார். எஞ்சினை நிறுத்தினார். மூடியைத் திறந்து ஃபான்பெல்ட்டைத் தடவி, இழுத்து, மோந்தும் பார்த்தார். பழுதில்லை. எஞ்சின் நின்ற பின்னும் கீச்சு நிற்கவில்லை. அவர் மெதுவாகத் தலையுயர்த்தி ஸ்பீக்கரைப் பார்த்தார். "ஓ. பெட்டிக்குள்ளயா கத்துறான்," என்று சொல்லிவிட்டு ஏறி வண்டியை எடுத்தார். ஏளனமா, ஏற்பா என்று அந்தக் குரலில் ஒன்றும் பிடிபடவில்லை.

நகரத்துப் பஸ் நிலையத்தில் பாதிச் சேனை இறங்கிற்று. கண்ணகை மாமி இறங்கும்போது ஆசனத்தடியை மீண்டும் ஒருமுறை பார்த்தார். அங்கே றிஸான் கடைசி அஸ்திரத்தை எடுத்தான். "குஞ்சண்ணன், சட்டம் பாட்டுக்குத்தானே? இது பாட்டே இல்ல. கேட்டா எனக்குப் பல்லுக் கூசுது." பஸ் முழுவதும் தீர்ப்புக்காகக் காத்தது. நிலோஜனின் இதயம் டிரம்காரனை முந்தி அடித்தது. "பாட்டோ என்னவோ," என்றார் குஞ்சித்தம்பி, "தொடங்கினத முடிக்கட்டும்."

ஊறணி கடந்தது. சத்துருக்கொண்டான் கடந்தது. நிலோஜனின் கண்கள் சாரதியின் வலச்செவியை விட்டு அகலவில்லை. இந்தச் செவி கேட்கிறதா, அல்லது வெறுமனே தலையின் ஓரத்தில் நிற்கிறதா? மற்றோரெல்லாம் போரில் களைத்துப் போனார்கள். சிலர் உறங்கினார்கள், சிலர் போனைத் தடவினார்கள். கீச்சுக்கும் கிறீச்சுக்கும் பஸ் பழகிவிட்டது. தன்னாமுனையில் சக்சபோன்காரன் குழலைக் கீழே வைத்தான். பேஸ்காரன் வில்லால் மெல்லிய இழையொன்றை இழுக்க, டிரம்காரன் தாளத் தட்டின்மேல் விரல்நுனியால் மட்டும் வருடினான். இருநூறு தரம் கேட்டும் நிலோஜனுக்கு இந்த இடத்தில் கண் கலங்கும்.

அப்போது அந்த இழைக்கு மேலே, ஈட்டிபோல் எழுந்தது ஒரு நெடுங்கீச்சு. வலப்பக்க யன்னலோரத்தில் மேனுகா கண்ணைத் திறந்தாள். "அண்ணா," என்றாள் திரும்பி, "இந்த இடம் நல்லாரிக்கு. உண்மையா."

கேளீர் இக்கொடுமையை! ஆறு ஆண்டு, இருநூற்றுத் தொண்ணூற்றெட்டுத் தட்டு, அத்தனைக்கும் பின் அவன் காதில் விழுந்த முதல் மெய்ப்பாராட்டு. ஆனால் முப்பத்திரண்டாம் நிமிடத்தில் சக்சபோன் இல்லை. இருநூறு தரம் கேட்டவனுக்குத் தெரியும், அந்தத் தட்டில் அந்த இடத்தில் அப்படியொரு சத்தம் கிடையவே கிடையாது. பாலத்தில் ஒருதரம் ஏமாந்த குஞ்சித்தம்பியோ, இனிக் கீச்செல்லாம் பெட்டிக்குள் இருப்பதுதான் என்று முடிவுகட்டி, அசையாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்.

முடிய ஒன்பது நிமிடம் இருந்தது. வாய்மூடி இருந்தால் வந்தாறுமூலை வந்துவிடும், இசையும் முடிந்துவிடும், வஞ்சினமும் நிறைவேறிவிடும். வாய்திறந்தால் பஸ் நிற்கும்; நின்ற பஸ்ஸில் இருந்து தட்டுக்குக் காதுகொடுக்க யார் இருக்கப்போகிறார்கள்? அடுத்த பஸ் வரும், அத்தனை செவிகளும் அதில் ஏறிப் போகும். அவன் பல்லைக் கடித்தான். அவனுக்கு அழுகையே வந்தது. கீச்சு இன்னொரு தரம் எழுந்தது. அவ்வளவுதான், எழுந்து நின்று கத்திவிட்டான்.

"அண்ணன், நிப்பாட்டுங்க! இது ரெக்கோட்டில இல்ல! இது நம்மட பஸ்!"

மயிலம்பாவெளியில் இருமருங்கும் வெட்டைவெளியாய்க் கிடந்த இடத்தில் பஸ் நின்றது. மூடியைத் திறந்ததும் றப்பர் எரிந்த மணம் முகத்தில் அடித்தது. ஃபான்பெல்ட் பாதி கிழிந்து, மீதி நாரில் தொங்கிற்று. "இன்னும் ரெண்டு கட்டை போயிருந்தாத் தண்ணிப் பம்பும் நிண்டு எஞ்சின் வெந்திருக்கும்," என்றார் குஞ்சித்தம்பி. பிறகு நிலோஜனை உச்சிமுதல் பாதம்வரை ஒருமுறை பார்த்தார். "எப்பிடித் தம்பி கண்ட நீ?"

"அந்த இடத்தில குழல் இல்ல, அண்ணன்."

அவன் அஞ்சியது அப்படியே நடந்தது. பத்து நிமிடம் கழித்தல்ல, இரண்டே நிமிடத்தில் பின்னால் அடுத்த பஸ் வந்து நின்றது. அத்தனை பேரும் பைகளைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார்கள். மேனுகா நூலகம் திறக்க வேண்டியவள். ஏறப் போனவள் திரும்பி, "அப்ப நான் நல்லாரிக்கு எண்டு சொன்னது?" என்றாள். "பெல்ட்," என்றான் நிலோஜன். அவள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். றிஸான் அவ்வழியே வந்த மோட்டார் சைக்கிளொன்றின் பின்னாலேறி, பெல்ட் வாங்க ஏறாவூருக்குப் பறந்தான். நிலோஜனும் தன் பையைத் தோளில் மாட்டினான். தோற்றவன் இறங்கும் இறக்கமாகத்தான் படியில் இறங்கினான்.

"தம்பி, நீ போகாத," என்றது எஞ்சின் பக்கத்துக் குரல். "பழசக் கழட்டோணும். இந்த ஆணிய ஒருக்காப் பிடி."

பிடித்தான். ஆளற்ற பஸ்ஸுக்குள் பேஸ் தனியே இழைந்துகொண்டிருந்தது. குஞ்சித்தம்பி ஸ்பனரைத் திருகினார். ஒரு ஆணி கழன்றது. அடுத்ததில் ஸ்பனரை வைத்தவர் திருகாமல் நின்றார்.

"அந்தக் குழல்காரன் எங்க போயிட்டான்? கோவிச்சிட்டானா?"

நிலோஜன் நழுவப் பார்த்த ஆணியை மீண்டும் இறுகப் பிடித்தான். "வருவான், அண்ணன்," என்றான் மெதுவாக.

இருவரும் காத்தார்கள். பேஸ் தேய்ந்து தேய்ந்து ஒரு நூலளவாகிற்று. டிரம்காரன் கைவிட்டுவிட்டான் போலிருந்தது. அப்போது, முப்பத்தெட்டாம் நிமிடத்தில், மூச்சு மட்டுமாக, பிறகு மூச்சோடு ஒரு சுரமாக, சக்சபோன் திரும்பி வந்தது. "ஆ," என்றார் குஞ்சித்தம்பி. "வந்திட்டான்." எண்ணெய்க் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அதன்பின் அவர் ஸ்பனரைத் தொடவில்லை. பெட்டிக்குள் இசைத்த மூவரும் ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்தபடி, மெல்லக் கரையிறங்கி, ஒரே இடத்தில் ஓய்ந்தார்கள். நாற்பத்தொரு நிமிடம் முடிந்தது. வெட்டையில் காற்று மட்டும் மிச்சமிருந்தது.

குஞ்சித்தம்பி பெல்ட்டைக் கழற்றி வீதியோரத்தில் எறிந்தார், துணியில் கையைத் துடைத்தார், ஸ்பீக்கர் பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

"இன்னொண்டு இரிக்கா?"

முழங்குக முரசு! எழுக வாவியின் மீனினமெல்லாம்! எழுவானும் படுவானும் கைகோத்து ஆடுக! ஆயிரம் தட்டுகளைத் தன் நெஞ்சறைக்குள் அடுக்கிவைத்த வள்ளல், வெள்ளிதோறும் எவர்க்கும் எதைச் சொல்வதென்று ஒருகணமும் தயங்கியிராத பரிந்துரைப் பேரரசன், இந்நிலவுலகில் இசையை நேசித்த எவனும் கேட்கத் தவங்கிடக்கும் அந்த இரண்டு சொல்லைத் தன் இரு செவியாலும் கேட்டு, சிக்காகோவை எடுப்பதா, சிட்னியை எடுப்பதா, தேக்கரண்டிக் கிற்றாரை எடுப்பதா, அது முதல்நாளே அதிகமாகிவிடுமா என்று மூச்சுமுட்டத் திகைத்து, கண்ணில் நீரும் கையில் எண்ணெயுமாய், போனைத் தலைகீழாகப் பிடித்தபடி, வெயிலேறும் மயிலம்பாவெளி வீதியில் வெற்றித்திருமகன் ஆகி நின்றான்.

அன்று அவனுக்கு அரைநாள் லீவு வெட்டினார்கள்.